ஸ்டேஷன் வாசலில் துக்க வீடு

கோழி குறுக்கே வந்தால்கூட நின்று அதற்கு வழி விடுகிறவர் மானாங் பனியாங். மானாங் என்றால் அக்கா. எங்கள் தெருவுக்கே மூத்தவர், அதனால் எல்லோருக்கும் மானாங். கருவாடு விற்பார். வாங்க வந்தவள் பேரம் பேசக் கூச்சப்பட்டு நின்றால் இவரே விலையைக் குறைத்துச் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி நான். அவர் குரல் சுவர் தாண்டி ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. அவர் புருஷன் சாந்தோவின் குரல்தான் கேட்கும். "பனியாங், என் தொப்பி எங்க?" தொப்பி அவர் தலையிலேயே இருக்கும்.

அந்த சாந்தோ ஒரு காலை மீன்பிடிக்கப் போன படகிலேயே நெஞ்சு நின்று இறந்துபோனார். முகத்துவாரத்தில் படகு தானாக மிதப்பதைப் பார்த்த மற்ற படகுக்காரர்கள் கரைக்கு இழுத்தார்கள். நீரோட்டம் அவர்களை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. வினை அங்கேதான் பிடித்தது. இக்கரை எங்கள் லுமாபாக். அக்கரை காபிலன். காபிலன் போலீஸ்காரர்கள் உடலைக் கொண்டுபோய், ஜீப் நிறுத்தும் கொட்டகையில் ஐஸ்கட்டி அடுக்கிக் கிடத்தி, கதவைப் பூட்டிவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று சொல்லியாயிற்று. போலீஸ் ஓர் அறிக்கை எழுதினால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

"செத்தவரு உங்க ஊரு. உங்க ஸ்டேஷன்லதான் எழுதணும்" என்றார் காபிலன் சார்ஜென்ட் பாலுயோட். போனில் சேவல் சண்டை பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பாலத்தைத் தாண்டி எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தோம். "அவங்க கரையிலதானே கெடந்தாரு? அவங்கதான் எழுதணும்" என்றார் எங்கள் சார்ஜென்ட் டோர்மிடோ. "படகு எந்த ஊருத் தண்ணியில நின்னுச்சுன்னு உம் புருஷனையே கேட்டுட்டு வாம்மா." பக்கத்து மேசைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குக் கை பரபரத்தது. மானாங் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

மறுபடி காபிலன். காலையில் இருந்தவன் கல்யாணச் சான்றிதழ் கேட்டான். கொண்டுபோனால், மதியம் இருந்தவன், "இத எவன் கேட்டான்?" என்று தூக்கிப் போட்டான். அவர்களுக்குள்ளேயே ஒருவன் சொன்னது இன்னொருவனுக்குத் தெரியாது. இதில் அக்கரைக்காரன் இக்கரைக்காரனோடு எங்கே பேசப் போகிறான்? சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இரண்டு ஸ்டேஷன். ஆளுக்கொரு போன் வேறு.

மானாங் அறிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவர் கவலை வேறு. எங்கள் ஊரில் இறந்தவரைத் தனியாக விட மாட்டோம். அடக்கம் வரை யாராவது ஒருவர் கண்விழித்துப் பக்கத்தில் இருப்போம். தூக்கம் வராமலிருக்கச் சீட்டாடுவோம், காப்பி குடிப்போம், ஊர்க்கதை பேசுவோம். சாந்தோவோ பூட்டிய கொட்டகையில் ஜீப் டயர்களுக்கு நடுவே தனியாகக் கிடந்தார்.

"நான் மட்டும் உள்ள போயி உக்காந்துக்கறேன் சார். எதையும் தொட மாட்டேன்" என்று மானாங் கேட்டார்.

"இது ஸ்டேஷன். சர்ச் இல்ல. போ, போ" என்றார் பாலுயோட்.

இரண்டாம் நாள் மத்தியானம் மானாங் வீட்டுக்கு வந்து, துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த பெஞ்சுகளையும் மேசையையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "அவர இங்க விட மாட்டேங்கறாங்க. அப்ப நாம அங்க போவோம்" என்று என் பக்கம் திரும்பினார். "நிதா, அந்த பிளாஸ்க்க எடுடி."

மீன் ஏற்றுகிற மினி லாரியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். பெஞ்சு, மேசை, மெழுகுவத்தி, பிஸ்கட் டின், சீட்டுக்கட்டு, கூடவே காலிச் சவப்பெட்டி. காபிலன் ஸ்டேஷன் முற்றத்தில் கொட்டகைக் கதவை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்துவிட்டோம். தெருவே வந்திருந்தது.

பாலுயோட் பாய்ந்து வந்தார். "என்ன கூத்து இது? ஸ்டேஷன் வாசல்ல சீட்டா?"

"துக்க வீட்டுச் சீட்டுல எந்த ஊரு போலீஸ் சார் கை வச்சிருக்கு?" என்றேன் நான். "வைங்க, பாப்போம்."

மானாங் எழுந்து ஒரு கோப்பையை நீட்டினார். "காப்பி குடிங்க சார். சூடா இருக்கு."

துக்க வீட்டுக் காப்பியை யாரும் மறுக்க மாட்டார்கள். மனுஷன் கோப்பையை வாங்கிக்கொண்டு முழித்தார். பிறகு ஓரமாகப் போய், வந்த கோபத்தில் எங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "ஒங்க ஊரு ஜனங்கள வந்து அள்ளிட்டுப் போங்கய்யா!" சாந்தோ இறந்ததிலிருந்து இரண்டு ஸ்டேஷனும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

டோர்மிடோ ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் அவருக்கும் ஒரு காப்பி.

"நீ ஏன்யா இன்னும் எழுதல?" என்றார் பாலுயோட்.

"நீ எழுதிட்டேன்னு எங்க பசங்க சொன்னானுங்க."

"எங்க பசங்க நீதான் எழுதறேன்னு சொன்னானுங்க."

இருவரும் ஆளுக்கொரு மடக்குக் காப்பி குடித்தார்கள். சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு கிழவர் சீட்டுகளை ஒதுக்கி மேசையில் இடம் விட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். எங்கள் கோப்பைகளில் காப்பி ஆறுவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். இவ்வளவுதானா? இதற்கா இந்த மனுஷி இரண்டு நாளாகப் பாலத்தில் நடையாய் நடந்தார்?

கதவு திறந்தது. மானாங் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, புருஷன் தலையை விரலால் கோதிவிட்டார். "நாந்தான். வந்துட்டேன்" என்றார்.

பெட்டியை லாரியில் ஏற்றும்போது பாலுயோட்டும் ஒரு முனையைப் பிடித்தார். அதையும் சொல்ல வேண்டும். ஏற்றி முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மானாங் முன்னால் நின்றார். மானாங் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மானாங் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். பாலுயோட்டுக்கும் அது தெரியும். வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, கோபத்தில் சொல்லவில்லையா என்று தெரியாமல் முற்றத்தில் அப்படியே நின்றார்.

பாலத்தில் வண்டி போகும்போது எனக்கும் பொறுக்கவில்லை. "வழக்கத்துக்காகத்தான் சொல்லலியா மானாங்?"

"வழக்கம்னு ஒண்ணு இருந்துச்சு, பொழச்சேன்டி நிதா" என்றார். "இல்லாட்டி வாய் தானா சொல்லியிருக்கும். இவரத் தனியா பூட்டி வச்ச மனுஷனுக்கு நன்றி சொல்லிட்டு வந்திருப்பேன். அப்புறம் இவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்து, இரண்டு நாளில் முதல் தடவையாக அழுதார். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார்.