இருநூற்று நாற்பதாவது நாள்

ராமாபுரத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த கரியப்பன், ஒரு பம்புசெட் கம்பெனியில் தினக்கூலி. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தவன் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டம். அதனால் அந்தக் கணக்கு முடியும் முன்பே ஆளை வெளியே தள்ளுவது கம்பெனி வழக்கம். தொண்ணூற்றாறில் கரியப்பன் இருநூற்று முப்பத்தொன்பதைத் தொட்டும் அவனை யாரும் தள்ளவில்லை. காரணம், அவன் கால்கள்.

மறுநாள் ஞாயிறு, கிராமங்களின் குடிநீருக்கு நிதி திரட்டும் தொடர் ஓட்டம். கம்பெனிக்குக் கம்பெனி போட்டி. நிரந்தர ஊழியர்கள் மட்டுமே ஓடலாம்.

"நம்ம பர்மனென்ட் ஆளு கிச்சா பேர்ல ஓடுடா. அந்தத் தொப்பைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும்," என்றார் சூப்பர்வைசர் கைலாசநாதன்.

"நாளைக்கு ஷிப்டுங்களே. வேலைக்கு வந்ததா ஹாஜரி போட்டுருவீங்களாங்கய்யா?"

"ஜெயிச்சுட்டு வா. எல்லாம் போடறேன்."

கடைசிச் சுற்றில் மூன்று பேரை முந்தி ஜெயித்தான் கரியப்பன். கோப்பையை மேனேஜர் வாங்கினார்.

திங்கள் காலை கேட்டில் அவன் வருகை அட்டை இல்லை.

"நேத்து நீ வேலைக்கு வரலியே," என்றார் கைலாசநாதன்.

"ஓடுனனுங்களே! நீங்கதானுங்க கை தட்டுனீங்க!"

"ஓடுனது கிச்சா. பேப்பரைப் பாரு."

பேப்பர் படத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டும் முதுகு கரியப்பனுடையது. கீழே அச்சாகியிருந்த பேர் கிச்சாவுடையது.

அந்த நேரம் கிச்சாவே வந்தான். கரியப்பன் அவன் கையைப் பிடித்தான். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா!"

கிச்சா சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தான்.

"வழி விடு கரியப்பா. நேத்து ஓடுனதுல காலெல்லாம் வலி."

நொண்டிக்கொண்டே உள்ளே போனான். வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டைச் சாத்தினார்.