இளைஞர் கமிஷனில் ஒரே ஒரு காலியிடம்

இன்று இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாலதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எங்கள் ஊர் சிட்டி ஹாலுக்கு யோசனை சொல்லும் இளைஞர் கமிஷனில் அவள் மகனுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். இருந்ததே ஒரு காலியிடம்.

"போன வருஷம் இதே கமிஷனுக்கு உங்க பொண்ணு அனுப்பின எஸ்ஸேயை சாம்பிளுக்குக் குடுத்தீங்கள்ல? பேரை மட்டும் மாத்தி சப்மிட் பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மாலதிக்கு வெட்கம் கிடையாது, அது பழைய செய்தி. ஆனால் விண்ணப்பங்களைப் படித்து ஆள் எடுப்பது ஏற்கெனவே கமிஷனில் இருக்கும் பிள்ளைகள். என் மகளும் அதில் ஒருத்தி.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்தேன். "மாலதி ஆன்ட்டி பையனோட எஸ்ஸேயைப் படிச்சியாடி?"

"யா! சோ குட், அம்மா. ஃபுல் பாயிண்ட்ஸ் குடுத்தேன்."

"வேற யாரு அப்ளை பண்ணாங்க?"

"ஒரே ஒரு கிட். அவன் அபார்ட்மென்ட் பக்கம் சைட்வாக் இல்லைன்னு எழுதியிருந்தான். சோ போரிங்."

பாவம், நடைபாதை கேட்ட அந்தப் பையன் சொந்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

தன் கட்டுரையே என் மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதை எழுதியது நான். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

ஆக, நகர இளைஞர் கமிஷனுக்கு இரண்டாவது முறையாகத் தேர்வாகியிருக்கிறேன். வயது நாற்பத்தேழு. வாழ்த்துகிறவர்கள் கீழே வாழ்த்தலாம்.