இறக்கைக்கு அந்தப் பக்கம்

தையல் வேலையில் ஒரு நிம்மதி உண்டு: பிழை விட்டால் கழற்றித் திரும்பத் தைக்கலாம். காற்சட்டைக் கால் மடித்து, சிப் மாற்றி, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிப் பிழைக்கும் சக தையல்காரர்களே, ஒரேயொரு வேலையில் மட்டும் எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

கோட்டைக் கழற்றுங்கோ

இரண்டாயிரங்களின் நடுவில், பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், யோகம் அக்காவின் தையல்கடையில் வேலை செய்தேன். ஒருநாள் கஸ்தோன் என்ற ஓய்வுபெற்ற விமானி, கோட்டைப் போட்டபடியே நின்று பொத்தான் தைக்கச் சொன்னார். அவசரமாம். மாட்டேன் என்றேன். "போட்டிருக்கத் தைக்கிறது பிரேதத்துக்குத்தான் எண்டு சொல்லு அந்தாளுக்கு!" என்று உள்ளேயிருந்து யோகம் அக்கா சத்தம் போட்டார். அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். மனிதர் உடனே கழற்றித் தந்தார்.

பொத்தான் தைத்து முடிப்பதற்குள் அவருடைய கதையும் வந்துவிட்டது. லொங்குய்ய்க்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டிலில், நூறு வருடத்துக்கு முந்திய விமானம் ஒன்றை அதே மாதிரி மரத்திலும் துணியிலும் செய்கிறார்களாம். பண்ணையின் பழைய சொந்தக்காரர் அந்தக் காலத்தில் கீறிய வரைபடமாம். அவர் தானே ஒன்றைச் செய்து, ஏறின முதல்நாளே, நிலத்தை விட்டு எழும்ப முதல் கவிழ்ந்து செத்துப்போனாராம். இப்போது ஏறப்போகிறவர் கஸ்தோன். அவர் கேட்டதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்: "அந்தாளுக்கு உங்களை மாதிரிப் பயந்த தையல்காரி கிடைக்கேல்லை. எனக்கு இறக்கை தைச்சுத் தருவீங்களா, மதாம்?"

விழுந்த ஊசி

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்து வளர்ந்தவள் நான். இறக்கை தைக்க என்னைத்தான் கண்டுபிடித்தார்கள்! சனிக்கிழமைகளில் மெட்ரோவில் லொங்குய்ய் வரைக்கும் போவேன். அங்கிருந்து கஸ்தோன் காரில் ஏற்றிப் போவார். கொட்டிலில் அவருடைய சிநேகிதர் மார்செல் இருப்பார், பழைய மெக்கானிக்.

அவர் எஞ்சினை ஒரு மரத்தாங்கியில் பூட்டி முதல் தடவை ஓட விட்டார். அடுத்த கணம் நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன், கைகள் இரண்டும் காதில். எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியாது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மார்செல் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் முழங்காலிட்டு நிலத்தைத் தடவினார். "ஊசியா விழுந்தது, மதாம்? இருங்கோ, நானும் தேடுறன்."

பன்னிரண்டு தையல்

இறக்கையை நிமிர்த்தி வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்றுதான் தைக்கவேண்டும். நான் நீள ஊசியை இந்தப் பக்கத்தால் குத்திவிட, மார்செல் அந்தப் பக்கத்தில் வாங்கித் திருப்பிக் குத்திவிடுவார். நடுவில் துணி. ஆளை ஆள் தெரியாது.

ஒரு மத்தியானம், கஸ்தோன் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கம் காலடி கேட்டது. மார்செல் வந்துவிட்டார் என்று ஊசியைக் குத்தினேன். திரும்பி வந்தது. திரும்பவும் குத்தினேன். மகனின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே தைத்தேன். வாய் ஓயாத மனிதர் அன்று ஒரு சொல் பேசவில்லை. ஊசி மட்டும் ஒவ்வொரு முறையும் ஐஸ் போலக் குளிர்ந்து வந்தது. பன்னிரண்டாவது முடிச்சைப் போடும்போது கொட்டில் கதவு திறந்தது. கையில் கோப்பியோடு மார்செல் நின்றார். "குறை நினையாதேங்கோ மதாம், வழியில கார் நிண்டுபோச்சு. தனியவே தொடங்கிட்டீங்களா?"

ஆள் இல்லாமல்

அந்தப் பன்னிரண்டையும் நான் கழற்றவில்லை. என் தையலைவிட நேர்த்தியாக இருந்தன. ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அடுத்த தையலைத் தொடங்கினேன். அன்றிலிருந்து கஸ்தோனின் முகத்தைப் பார்க்காமலே தைத்தேன். செத்தவர் தைத்த இறக்கையில் ஏற்றி, இந்த மனிதரை நான்தான் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

சோளம் வெட்டிய வயலில் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பிரேக் கிடையாது, அந்தக் காலத்தில் அப்படித்தானாம். சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, மார்செல் வாலைப் பிடித்துக்கொண்டார். கஸ்தோன் ஏறி இருந்தார். எஞ்சின் ஓடியது. அப்போதுதான் இருக்கையடியில் துணி கிழிந்திருப்பதைக் கண்டேன்.

"ரெண்டு குத்துத்தானே, இப்பிடியே தையுங்கோ. நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் பண்ண ஏலாது," என்றார் கஸ்தோன்.

"ஆள் இருக்கத் தைக்க மாட்டன். இறங்குங்கோ!" என்று கத்தினேன். வழக்கம் பாதி. அவரை அதிலிருந்து இறக்க எனக்கு வேறு சாட்டு கிடைக்கவில்லை என்பது மீதி. புறுபுறுத்தபடி இறங்கினார்.

அவருடைய பாரம் குறைந்ததும் சக்கரங்கள் கட்டையைத் தாண்டின. மார்செலின் கை நழுவியது. வெறும் இருக்கையோடு விமானம் ஓடியது, எழும்பியது. ஆளுயரத்தில், ஒரு ஆட்டமும் இல்லாமல், வயலின் கடைசிவரை நூல் பிடித்த மாதிரிப் போனது. பிறகு மூக்குக் குத்தி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். எஞ்சின் பின்னுக்கு வந்து இருக்கையை நசுக்கியிருந்தது.

"அவர் இருந்திருந்தா அது ஓடியிராது, மதாம். நாலு வருச வேலை," என்றார் மார்செல். நியாயம்தான். நான் விம்மி விம்மி அழுதேன். கஸ்தோன், விமானம் ஓடிவந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். "நான் இருந்திருந்தா, இவ்வளவு நேராப் போயிராது."

இப்போதும் கடையில் போட்டபடி தைக்கச் சொல்பவர்களைக் கழற்ற வைக்கிறேன். ஆனால் ஊசியைக் குத்த முதல், துணிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கையை விட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.