பீரை மட்டும் நிறுத்தச் சொன்னேன்

அந்தக் கோடையில் அருப்புக்கோட்டைப் பக்கம் எந்த ஒயின்ஷாப்பிலும் பீர் கிடைக்கவில்லை. லோடு வரவில்லை என்றார்கள், வெயில் ஜாஸ்தி என்றார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் கருப்பசாமியிடம் சொல்லி நிறுத்தியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டினார். திருச்சுழிக்குப் போய்விட்டு வந்தால் சாயங்காலம் ஒரு பீர். வேறு எதையும் தொட மாட்டார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானதும் எனக்குப் பொறுக்கவில்லை. கண்மாய்க்கரைக் கருப்பனிடம் போய் நின்றேன்.

குடியையே நிறுத்து என்று கேட்டிருக்கலாம். ஆனால் சாமிக்கே பிராந்தியும் சுருட்டும் வைத்துத்தானே கும்பிடுகிறோம், அதையே அவரிடம் குறை சொல்வதா என்று யோசித்தேன். பெரிய புத்திசாலி மாதிரி, "இவுகளுக்குப் பீரு மட்டும் கெடைக்கக் கூடாது சாமி, ஒனக்கு ஃபுல் பாட்டில் பிராந்தி வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

கிடைக்கவில்லை. ஊருக்கே கிடைக்கவில்லை. மனிதர் சாயங்காலமானால் மோரைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளோடு கேரம் ஆடினார். அந்தக் கோடை மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

நேர்ந்ததைச் செய்யாமல் விடலாமா? அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படையல் போட்டேன். பூசாரி பிராந்தியைக் கொஞ்சம் சாமி முன்னால் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"அவுக அதெல்லாம் குடிக்க மாட்டாக" என்றேன்.

"சாமி குடுத்தத வேணாங்கக் கூடாது தாயி."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானும் தலையாட்டினேன். இன்றைக்கும் என் நெஞ்சை அறுப்பது அந்தத் தலையாட்டல்தான்.

மழை விழுந்ததும் கடைகளில் பீர் வந்துவிட்டது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை, பிராந்தியிலேயே நின்றுவிட்டார். கைநடுக்கத்தில் வேன் ஓட்ட முடியாமல் போனது. ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அடியோடு விட மாட்டார், பழையபடி பீருக்காவது வரட்டும் என்று, வெட்கத்தை விட்டு என் தம்பியை அனுப்பி வாங்கி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து நானே நீட்டினேன்.

"ஒங்களுக்குப் பிடிச்சதுதானங்க."

ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்குக் கோயில்ல நீ வாங்கிக் குடுத்தியே, அது மாதிரி வருமா?"

கருப்பனைத் திட்டவும் எனக்கு வாயில்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்த சாமி.