மேற்கு வரிசைச் சில்லுகள்

கோவில்பட்டி வட்டாரத்தில் பாய்லருக்குள் தீயைப் பார்க்க வைக்கிற கண்ணாடிச் சில்லு வார்க்க குலாம் ரசூலை விட்டால் ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். போன கார்த்திகையில் புதிதாக, வார்த்த கண்ணாடியை மெல்ல ஆறவைக்கும் ஆற்றடுப்பு கட்டினார். தளம்கூட அவர் கையாலே போட்டதுதான். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இந்த வைகாசியில் மனுஷனுக்கு அலுத்துப்போனது. சாயப்பட்டறை ராமசுப்பு கேட்டது பன்னிரண்டு சில்லு. முதல் ஈட்டில் பாதி, வெளியே எடுத்ததுமே படபடவென்று வெடித்தது. சீக்கிரம் ஆறினால் கண்ணாடி உள்ளுக்குள் முறுக்கிக்கொள்ளும். சூட்டை ஏற்றி, கூடுதல் நேரம் வைத்தார். இரண்டாம் ஈடு வடிகஞ்சியாக வெளுத்துப்போனது. அதிகம் வெந்தால் கற்கண்டு போலப் படிகம் கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே பிடித்து மூன்றாம் ஈடு எடுத்தார்.

கூலிங்கிளாஸ் போன்ற இரண்டு கறுப்பு போலராய்டு தாள்களுக்கு நடுவே சில்லை வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். இருட்டாகத் தெரிந்தால் நல்லது. நிறம் காட்டினால் முறுக்கு. ஆறு சில்லு இருட்டு. மீதி ஆறில் மயில்கழுத்து நிறம்.

"பாய், நிறம் காட்டுன ஆறும் அடுப்புல மேற்கு வரிசை. தளம் போட்ட அன்னைக்கே சொன்னேன்லா?" என்றான் வேலையாள் கடற்கரை.

"ஏலே, நீ அடுக்குன லட்சணம் அப்படி."

"கிழக்கேயும் நான்தான அடுக்குனேன்? இங்கன கைய வச்சுப் பாருங்க."

அடுப்புக்கு அடியில், மேற்குப் பக்கத் தளத்தில் விரல் நுழையும் வெடிப்பு. அது வழியாகக் குளுகுளுவென்று காற்று உள்ளே ஏறி, அந்த வரிசையைச் சீக்கிரம் ஆற்றிவிட்டிருந்தது. கரிசலைத் தோண்டி எடுத்து, சரள் கொட்டித்தான் தளம் போட வேண்டும். மாட்டுக்கொட்டகை கட்டுகிறவனுக்கும் தெரியும். மழையில் ஊறிப் பொதுமியிருந்த மண்மேல் அப்படியே போட்டவர் அவர்தான். வெயிலுக்கு அது வாய்பிளந்துவிட்டது.

அந்நேரம் பார்த்து ராமசுப்பு வந்து நின்றார்.

"பன்னிரண்டும் பளபளன்னு இருக்கே பாய்! கட்டிக் குடுங்க. பழைய சில்லு மங்கிப்போயி, பாய்லர்ல நிக்கிற நம்ம ஆளு சுடலைமாடன் மூஞ்சிய ஒட்ட வச்சுல்லா தீயப் பாக்கான்."

வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். குலாம் ரசூல் கிழக்கு வரிசையை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

"ஆறுதான் அண்ணாச்சி."

"மிச்சம்?"

"வெடிச்சா அவன் கண்ணு போயிரும். அடுப்பத் திருப்பிக் கட்டித்தான் தரணும்." வெடிப்பைக் காட்டினார். "நான் போட்ட தளந்தான் தப்பு."

கடற்கரை கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான். "இன்னொருக்க சொல்லுங்க பாய்."

"போலே. கடப்பாரைய எடு."

வந்த கடப்பாரையைக் கையில் வாங்கி, வெடிப்பின் ஓரமாகக் குறி பார்த்தார். அப்புறம் அவரே முதல் குத்து குத்தினார்.