மருமகளின் பாஷை

என் மகன் ஸஹீத் ஜித்தாவில் சாரதி வேலை பார்க்கிறான். ஏழு வருஷத்துக்கு முன் ஒருநாள் போன் எடுத்து, "உம்மா, நான் ஒரு புள்ளய முடிக்கப் போறன். மதுராப் புள்ள" என்றான். என் காதில் மதுரை என்றுதான் விழுந்தது. தமிழ் தெரிந்த பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ், பிறகு என்ன குறை? சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக, மருமகள் மதுரைக்காரி என்று நானே சொல்லித் திரிந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கியவளைக் கட்டிப்பிடித்து, "பயணம் சுகமா இரிந்திச்சா மகள்?" என்று கேட்டேன். அவள் அழகாகச் சிரித்தாள். பிறகு ஸஹீதின் முகத்தைப் பார்த்தாள். ஸஹீத் தலையைச் சொறிந்தான். அது மதுரை இல்லையாம், மதுராவாம். இந்தோனேசியாவில் ஜாவாவுக்குப் பக்கத்தில் ஒரு தீவாம். அவர்களுக்கென்று தனிப் பாஷை இருக்கிறதாம். யா அல்லாஹ், ஒழுங்கைக்கு நான் என்ன சொல்வது!

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். இவளுடைய வீடோ கடலுக்கு அப்பால். அதனால் ஊர் வழக்கத்துக்கு மாறாக மருமகள் ஹொஸ்னியா என் வீட்டுக்கு வந்தாள். "பாஹிமா ராத்தா, மருமகளோட கைப்பாஷையா கதைக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டு றபீக்கா நக்கலடித்தாள். எனக்கும் வாய் நீளம். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் ஸஹீத் ஜித்தாவுக்குத் திரும்பிவிட்டான். அதன் பிறகு வீட்டில் நானும் ஹொஸ்னியாவும் குழந்தை அப்னாவும்தான். நான் காலையில் வாசலில் என் சில்லறைக் கடையைத் திறப்பேன். அவள் உள்ளே அரிசி புடைத்தபடி பிள்ளையோடு கதைப்பாள். சொல்லின் கடைசியில் தொண்டையை டக்கென்று அடைக்கும் பாஷை அது. நாங்கள் 'ப' என்று ஒரே எழுத்தில் எழுதுவதற்கு அவளிடம் மூன்று சத்தம் இருக்கிறது. மூன்றையும் மாறி மாறிச் சொல்லிக் காட்டுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். "மாமிட காது பழசு" என்று சிரிப்பாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தன் தம்பியோடு போனில் கதைக்கும்போது ஆம் என்பதற்கு 'இயா' என்பவள், என்னிடமும் அந்தச் சின்னப் பிள்ளையிடமும் 'எங்கி' என்றாள். பிறகுதான் ஸஹீத் சொன்னான். எங்கள் நீ, நீங்க மாதிரித்தானாம். ஆனால் அவர்களுக்குத் தின்கிற சொல், போகிற சொல், வீட்டைக் குறிக்கிற சொல்கூட மரியாதைக்குத் தக்கபடி மாறுமாம். பெரியவர்களோடு எப்படிக் கதைப்பது என்று பிள்ளை பழகட்டும் என்றுதான் தாய் பிள்ளையிடமே மரியாதைச் சொல்லில் கதைக்கிறாளாம். எனக்கு அது நல்லாகப் பிடித்தது.

அப்னாவுக்கு நான்கு வயதானதும் முன்பள்ளியில் சேர்த்தோம். இரண்டு கிழமை போகவில்லை, ஆகிலா டீச்சர் என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, உங்கட பேத்திக்கு நாக்குத் திக்குது. மாட்டுப் படத்தக் காட்டினா 'டு-மாடு' எண்டு சொல்றா. பூனைக்கு 'ன-பூன'. மத்தப் புள்ளைகள் சிரிக்காங்க."

ஊர் வாயை நான் அறிவேன். ஒருதரம் திக்குவாய் என்று பெயர் விழுந்தால் கலியாண வயதிலும் அதையேதான் சொல்வார்கள். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தேன். வாய் திருந்தவில்லை. வீட்டில் இரண்டு பாஷை ஓடுவதால்தான் பிள்ளையின் நாக்குக் குழம்புகிறது என்று நானே முடிவுகட்டினேன்.

"மகள், இனி புள்ளையோட உங்கட பாஷை வேணாம். தமிழ் மட்டும் கதைங்க. சரியா?"

ஹொஸ்னியா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, "ஓம் மாமி" என்றாள்.

அன்றோடு நிறுத்திவிட்டாள். அவளிடம் இருந்த தமிழ் மீன் வாங்கவும் சோறு ஆக்கவும் போதும். பிள்ளையைக் கொஞ்ச அது போதவில்லை. "சாப்பிடு. குளி. படு." அவ்வளவுதான் சொல்வாள். தாய் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். நான்கு மாதம் என் வீடு அப்படியே ஊமையாய்க் கிடந்தது. பிள்ளை திக்கும்போதெல்லாம் "ஒழுங்காச் சொல்லு" என்று நான் வேறு அதட்டினேன். அப்னாவும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். திக்கு நின்றுவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். என் மடைத்தனத்தை என்னவென்று சொல்வது!

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்க அப்னாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். தண்ணீரில் ஒரு தோணி வந்துகொண்டிருந்தது. "வாப்பும்மா, தோணி!" என்று கை நீட்டினாள். சுத்தமாகச் சொன்னாள். அப்படியே திரும்பினாள். மணலில் இருபது, முப்பது தோணிகள் வரிசையாகக் கிடந்தன. "ணி..." என்று தொடங்கியவள், சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் எனக்கு ஈரல் கருகிவிட்டது. என் பேத்தி எனக்குப் பயந்து வாயைப் பொத்துகிறாள்.

குந்தியிருந்து அவள் கையை எடுத்துவிட்டேன். "சொல்லு புள்ள. வாப்பும்மா ஏச மாட்டன்."

"ணி-தோணி" என்றாள், மெதுவாக.

"அந்தா தண்ணிக்குள்ள வாறது?"

"தோணி."

பக்கத்தில் ஒரு கூடை மீன் இருந்தது. அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். "மீனு" என்றாள். கூடையைக் காட்டினேன். "னு-மீனு."

மீன் வாங்க மறந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஹொஸ்னியா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மகள், உங்கட பாஷையில ஆளுக்கு என்ன?"

அவள் பயந்துபோனாள். "ஒரெங்."

"கனபேர் எண்டா?"

"ரெங்-ஒரெங்."

"புள்ளைக்கு?"

"கனக்."

"புள்ளைகளுக்கு?"

"நக்-கனக்" என்றாள்.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அவர்கள் பாஷையில் ஒன்று பலவானால் சொல்லின் வாலைப் பிடித்துத் தலையில் வைப்பார்கள். நாங்கள் 'கள்' போடுகிற வேலையை அது செய்கிறது. டீச்சர் காட்டிய படத்தில் மாட்டு மந்தையே நின்றிருக்கும். பிள்ளை மாடுகள் என்றுதான் சொன்னாள். அவளுக்கு நாக்கில் ஒரு பழுதும் இல்லை.

"இது தெரிஞ்சும் ஏன்கா எனக்குச் சொல்லல்ல? நாலு மாசம்! வேணாம் எண்ட உடன ஓம் எண்டுட்டீங்களே!" எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஹொஸ்னியா தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். "மாமி, எங்கட பாஷையில 'இல்ல' மூண்டு இரிக்கி. கூட்டாளிக்கு 'என்ஜ'. நடுவாந்தர ஆக்களுக்கு 'எந்தென்'. பெரியவங்களுக்கு 'புந்தென்'. தமிழ்ல மாமிக்குச் சொல்ற 'இல்ல' எது எண்டு எனக்குத் தெரியல்ல. தப்பான 'இல்ல'யச் சொல்லிருவனோ எண்டு பயம். அதான் ஓம் எண்டன்."

இத்தனை வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். அவள் வாயால் ஒரு 'இல்லை' நான் கேட்டதே இல்லை. நல்ல மருமகள், தங்கமான மருமகள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்புத் தாங்க மகள்" என்றேன். "தமிழ்ல ஒரு 'இல்ல'தான் இரிக்கி. அத மாமிக்கும் சொல்லலாம். இப்ப புள்ளையோட கதைங்க, உங்கட பாஷையில."

அவள் பிள்ளையை மடியில் இருத்தி என்னவோ கேட்டாள். அப்னா என் முகத்தைப் பார்த்தாள். நான் போட்ட பயம் அது. "எங்கி" என்று நானே சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படி இல்ல வாப்பும்மா!" என்று எனக்குத் திருத்திச் சொன்னாள். பிறகு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்டதெல்லாம் சேர்த்துக் கதைக்கத் தொடங்கினாள். ஹொஸ்னியா அழுதுகொண்டே 'எங்கி, எங்கி' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அடுப்படி வாசலில் இருந்து நானும் அழுதேன்.

பிள்ளை விளையாட ஓடியதும் எழும்பி முந்தானையை உதறினேன். "திங்கக்கிழம நான் போய் அந்த டீச்சருக்கு நல்லாக் குடுக்கன். எவட புள்ளய திக்குவாய் எண்டா!"

ஹொஸ்னியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இல்ல மாமி" என்றாள். "நான் போறன். நானே சொல்றன்."