ஒரு நேரத்தில் ஒரு சீசா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் எழுதும் மருந்தைக் கலந்து, சீசாவில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியும்படி பல் வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. சுற்றுவட்டாரக் கூட்டம் முழுக்க என் ஜன்னல் முன்னால்தான் நிற்கும். நானோ சூரப்புலி. ஒரே சமயத்தில் இரண்டு சீசா நிரப்புவேன், மூன்றாவது ஆளுக்குப் பதிலும் சொல்வேன். மூச்சுவிட நேரமில்லை என்று அலுத்துக்கொள்வதில்கூட எனக்கு ஒரு கர்வம். சாப்பிட உட்கார்ந்தாலும் மனசு ஜன்னலில்தான் நிற்கும்.

ஒருநாள் கூமாப்பட்டியிலிருந்து வந்த பெண்ணுக்கு, அவள் குழந்தையின் காய்ச்சலுக்கான மருந்து. பக்கத்தில் நின்ற பெரியவருக்கு முழங்காலில் தேய்க்கக் கற்பூரத் தைலம். சீசாவை நோயாளிகளே கொண்டுவரும் காலம் அது. இருவரின் சீசாவும் ஒரே மாதிரி. நான் காகிதத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அய்யா, போன தடவ குடுத்தது இப்படி மணக்கலையே. செத்த பாத்துச் சொல்லுங்க.”

வாங்கி முகர்ந்தேன்; கற்பூரத் தைலம். உள்ளே போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்காது.

“பிள்ளைக்கு ஊத்தலையேம்மா?”

“மோந்து பாக்காம எப்படிய்யா ஊத்துவேன்?”

பெரியவரைத் தேடி வாசலுக்கு ஓடினேன். அங்கே அவர் காய்ச்சல் மருந்தை முழங்காலில் தேய்த்துவிட்டு, “என்னய்யா தைலம் இது, பிசுபிசுங்குது” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் நானே போய்ச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

மறுநாள் முதல் மேஜையில் ஒரே சீசா. ஊற்றும்போது ஊற்றுவது மட்டும். ஒட்டும்போது ஒட்டுவது மட்டும். மனசு அடுத்த ஆளிடம் ஓடினால், கையில் இருக்கும் சீசாவின் கனத்தைக் கவனித்து அதைத் திரும்பக் கூட்டி வருவேன். “கம்பவுண்டரு தூங்குதாரா?” என்று ஜன்னலில் கத்தினார்கள். நான் அசையவில்லை. சில வாரங்களில் பார்த்தால், கூட்டம் அதே கூட்டம், வேலை முடிவதும் அதே நேரத்தில்தான். எனக்குள் இருந்த பரபரப்பு மட்டும் போய்விட்டது.

அதன்பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு சீசாகூடத் தவறென்று திரும்பி வரவில்லை. இதை நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன். அதைவிடப் பெருமை ஒன்று உண்டு: கைவேகத்தில் மயங்கிக் கிடந்த நான், தன் குழந்தையைத் தவிர வேறெதையும் நினைக்காமல் நின்ற அந்தத் தாயிடம் வேலை கற்றுக்கொண்டேன்.